அந்த எழுபது கிராம் எங்கே போச்சு?



"பி.காம். படிக்கிறவனுக்கு இயற்பியல் எதுக்குடா?" என்று என் வகுப்பில் கண்டிப்பாகக் கேட்பார்கள். நானும் கொஞ்ச நாள் முன்பு வரை அதே கட்சிதான். அலகு, பரிமாணம், மீச்சிற்றளவு, சுழிப்பிழை எல்லாம் பத்தாம் வகுப்போடு முடிந்துபோன சமாச்சாரம், இனி நமக்கு பற்று, வரவு, இருப்பாய்வு மட்டும்தான் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'அளவீடு' என்று ஒரு பாடம் உண்டு. வெர்னியர் அளவி, திருகு அளவி எல்லாம் வரும். ஒரு இரும்புக் குண்டைக் கொடுத்து விட்டம் அளக்கச் சொன்னார்கள். நாலு பேர் அளந்தோம், நாலு விடை வந்தது. யார் விடை சரி என்று சண்டை போட்டோம். கடைசியில் நன்றாகப் படிக்கிறவன் நோட்டைப் பார்த்து மூன்று பேரும் மாற்றி எழுதிக்கொண்டோம். ஆசிரியர் எல்லாருக்கும் டிக் போட்டுவிட்டார். அதாவது, பிழையைப் பற்றிய பாடத்தில் நாங்கள் முதலில் செய்த வேலை பிழையை மறைத்ததுதான் :-)

அந்தப் பாடம் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது வகுப்பறையில் இல்லை, ஒரு பூக்கடையில்.

விடிகாலை விஷயம்

எங்கள் அத்தைக்கு உசிலம்பட்டி பக்கம் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியும் முன்னே மொட்டைப் பறித்து, துணியில் கட்டி, டவுனில் ஒரு வியாபாரியிடம் போடுவார்கள். மதுரை மல்லி என்றால் 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. விலை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். தை மாசம் முகூர்த்த நேரத்தில் கிலோ ஆயிரங்களில் போகும். பூ குவியும் நாட்களில் பறிப்புக் கூலிக்கே கட்டாது.

விடுமுறையில் ஒரு வாரம் அத்தையோடு நானும் போனேன். வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே! இரண்டாவது நாள் தராசில் 1.870 என்று சிவப்பு எழுத்தில் தெரிந்தது. சீட்டில் அவர் 1.8 என்று எழுதினார்.

"அண்ணே, 1.870 காட்டுதேண்ணே?"

"சில்லறை கிராமெல்லாம் பாக்குறதில்ல தம்பி. பூவு மதுரை போறதுக்குள்ள காயும்ல."

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு மாப்ளே, எல்லாருக்கும் இப்படித்தேன் எழுதுறாக."

விட்டுவிட்டேன். ஆனால் மனசு விடவில்லை. எழுபது கிராம். எங்கே போச்சு?

ஏழு நாள் கணக்கு

நமக்குத் தெரிந்த ஒரே வித்தை நோட்டு போடுவது. அந்த ஏழு நாளும் தராசு காட்டியதைப் போனில் எழுதி வைத்தேன்.

2.340, 1.870, 2.115, 1.960, 2.485, 2.030, 1.775.

மொத்தம் 14.575 கிலோ.

சீட்டில் ஏறியது 2.3, 1.8, 2.1, 1.9, 2.4, 2.0, 1.7. மொத்தம் 14.2 கிலோ.

வித்தியாசம் 375 கிராம். நூற்றுக்கு இரண்டரைக்கு மேல். கிலோ 500 ரூபாய் என்று வைத்தால் ஒரு வாரத்தில் 187 ரூபாய் 50 காசு. கிலோ 2000 போகும் வாரம் என்றால் 750 ரூபாய். ஒரு வீட்டுக்கு இவ்வளவு. அந்தக் கடையில் தினமும் எத்தனை வீட்டுப் பூ விழுகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எடையை நூறு கிராம் கணக்கில் முழுமையாக்குவது தப்பா? தப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி முழுமையாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தேன். ஐம்பதுக்குக் கீழே என்றால் விடு, ஐம்பது அல்லது அதற்கு மேலே என்றால் அடுத்த நூறுக்கு ஏற்று.

2.3, 1.9, 2.1, 2.0, 2.5, 2.0, 1.8. மொத்தம் 14.6 கிலோ.

உண்மை எடை 14.575. வித்தியாசம் வெறும் 25 கிராம், அதுவும் அத்தை பக்கம். அடுத்த வாரம் அது வியாபாரி பக்கம் சாயலாம். வருஷம் முழுக்கப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பெரிய நஷ்டம் இருக்காது.

அதே நூறு கிராம்தான். அதே தராசுதான். ஒரு முறையில் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிறது, இன்னொரு முறையில் ஒரே பக்கமாகக் குவிகிறது. இதைத்தான் அந்த இயற்பியல் பாடம் ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒழுங்கற்ற பிழை மேலும் போகும், கீழும் போகும். பல முறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். முறையான பிழை எத்தனை முறை அளந்தாலும் ஒரே பக்கம்தான் இழுக்கும். ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் போகாது.

என் கட்சி இதுதான் நண்பர்களே: சந்தையில் ஒரு பிழை எப்போதும் ஒரே ஆளுக்குச் சாதகமாகவே விழுகிறது என்றால், அதற்குப் பெயர் பிழை இல்லை. அது லாபம். ஆனால் எந்தக் கணக்கிலும் எழுதப்படாத லாபம்.

நம்ம பாடத்திலும் இது இருக்கு

வணிகவியல் நண்பர்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் பிழைத் திருத்தம் என்று ஒரு பாடம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? விடு பிழை, செய் பிழை, ஈடுசெய் பிழை, விதிப் பிழை. தேர்வுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்தோமே, அதேதான்.

ஈடுசெய் பிழை என்றால் ஒரு பக்கம் கூடுதலாக எழுதியது, இன்னொரு பக்கம் கூடுதலாக எழுதியதால் சரியாகிவிடுவது. இயற்பியல்காரர்களின் ஒழுங்கற்ற பிழைக்குத் தூரத்துச் சொந்தம். விதிப் பிழை என்றால் எழுதும் முறையே தப்பு. இயந்திரம் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் எழுதுவது போல. இருப்பாய்வு அழகாகச் சமன் ஆகும், பிழை மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பூக்கடைச் சீட்டும் அப்படித்தான். எடை பெருக்கல் விலை, கழித்தல் கமிஷன், எல்லாம் சரியாக வரும். கூட்டிப் பார்த்து ஒரு பைசா தப்பு கண்டுபிடிக்க முடியாது. தப்பு கூட்டலில் இல்லை, அளவில் இருக்கிறது. தணிக்கைக்காரர் சீட்டைப் பார்ப்பார், தராசைப் பார்க்க மாட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த இயற்பியல் பாடம் முதலில் நமக்குத்தான் வேண்டும். ஆய்வகத்தில் தப்பாக அளந்தால் மதிப்பெண் போகும். சந்தையில் தப்பாக அளந்தால் ஒருத்தர் வீட்டுப் பணம் போகும்.

டிஜிட்டல்னா சரியா?

அத்தை காலத்து நம்பிக்கை ஒன்று உண்டு. "கரண்ட் தராசுல ஏமாத்த முடியாது." மூன்று தசமம் வரை காட்டுகிறதே, பின்னே?

இங்கேதான் துல்லியம் வேறு, நுட்பம் வேறு என்று புத்தகம் சொல்வது வேலைக்கு வருகிறது. உண்மை மதிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது துல்லியம். எவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காட்டுகிறது, திரும்பத் திரும்ப அளந்தால் அதே விடை வருகிறதா என்பது நுட்பம். ஒரு கடிகாரம் நொடி முள்ளோடு அழகாக ஓடிக்கொண்டே பத்து நிமிஷம் தாமதமாக இருக்கலாம். நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை.

அடுத்த முறை கடைக்குப் போனால் மின்னணுத் தராசின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைப் படியுங்கள். அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், 'இ' என்ற எழுத்துக்கு எதிரே 5 கிராம் என்கிற மாதிரி போட்டிருக்கும். அந்த 5 கிராம்தான் அதன் மீச்சிற்றளவு மாதிரி. அந்தத் தராசு 45, 50, 55 என்றுதான் தாவும். 50 என்று காட்டினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 47.5 முதல் 52.5 வரை எதுவாகவும் இருக்கலாம். 30 கிலோ மூட்டைக்கு இந்த இரண்டரை கிராம் ஒன்றுமே இல்லை. ஆனால் 50 கிராம் பூவுக்கு அது நூற்றுக்கு ஐந்து! அதனால்தான் குறைந்தபட்சம் 100 கிராம் என்று தகட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே அந்தத் தராசில் நிறுக்கவே கூடாது. நாம் ஐம்பது கிராம் ஏலக்காயை நிறுத்து வாங்குகிறோம் :-(

இன்னொரு வேடிக்கை. பழைய இரட்டைத் தட்டுத் தராசு நிறையை நிறையோடு ஒப்பிடுகிறது. மின்னணுத் தராசு அப்படி இல்லை. பூமி அந்தப் பொருளை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை உணர்ந்து, அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. பூமியின் இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றில்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குறைவு. டெல்லியில் சரிபார்த்த தராசை அப்படியே உசிலம்பட்டிக்குக் கொண்டுவந்து வைத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் குறைத்துக் காட்டும். தராசு கெட்டுப்போகவில்லை, ஊர் மாறிவிட்டது. அதனால்தான் வைக்கும் இடத்திலேயே எடைக்கல் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். நிறையும் எடையும் ஒன்றில்லை என்று ஆசிரியர் கத்தியதற்கு அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிந்தது.

இந்த வகையில் பூக்கார அம்மாவின் முழம் எனக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. ஆளுக்கு ஆள் மாறும். அலகு என்று சொல்லவே தகுதியில்லாத அலகு. ஆனால் அவர் கை என் கண் முன்னால் இருக்கிறது. "என்னக்கா, கையை மடக்கிட்டீங்க?" என்று கேட்கலாம். பிழை வெளிப்படையாகத் தெரிகிறது. சிவப்பு எழுத்துக்குள்ளே ஒளிந்திருக்கும் பிழையை யாரிடம் கேட்பது?

அரை சதுர மில்லிமீட்டர் நிலம்

தசமத்தைப் பார்த்து மயங்குவது நமக்குப் புதிதில்லை. "ராஜராஜ சோழன் காலத்திலேயே நிலத்தை ஒரு வேலியில் 5242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை அளந்தார்கள்" என்று ஒரு செய்தி அடிக்கடி ஃபார்வர்டில் வரும். அப்படி ஒரு பின்னம் சோழர் கால நில அளவு பற்றிச் சொல்லப்படுவது உண்மைதான். 320ஐ நான்கு முறை பெருக்கி, அதை 5ஆல் பெருக்கினால் சரியாக 52,428,800,000 வரும். 320ல் ஒரு பங்குக்கு நம் பழைய கணக்கில் முந்திரி என்று பெயர்.

ஒரு வேலி என்பது இன்றைய கணக்கில் சுமார் ஆறே முக்கால் ஏக்கர். அதை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர் வரும். ஒரு கடுகை விடச் சின்ன இடம்! எந்தக் கோலை வைத்து வயலில் அதை அளப்பது? வரப்பில் ஒரு எறும்பு மண்ணை நகர்த்தினால் அளவு மாறிப்போகும்.

நான் அந்தக் காலத்தவரைக் குறைத்துச் சொல்லவில்லை. கோயிலுக்கு விட்ட ஊரின் மொத்த நிலத்திலிருந்து ஊர் இருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்து வரி போட வேண்டிய நிலத்தைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள். பின்னத்திலிருந்து பின்னத்தைக் கழித்துக்கொண்டே போனால் இப்படி நீளமான எண் வரத்தான் செய்யும். அது கணக்கனின் திறமை. அளவுகோலின் துல்லியம் இல்லை. கால்குலேட்டரில் 10ஐ 3ஆல் வகுத்தால் 3.3333333 வருகிறது என்பதற்காக நாம் கோடியில் ஒரு பங்கு வரை அளந்துவிட்டோம் என்று அர்த்தமாகாதே. முக்கிய எண்ணுருக்கள் என்று ஒரு பகுதி அதற்காகத்தான் இருக்கிறது.

பெருமைப்பட வேண்டியது அந்த எண்ணுக்காக இல்லை. எதைக் கழித்தோம், எவ்வளவு கழித்தோம் என்று ஊரறியக் கல்லில் எழுதினார்களே, அதற்காக. நம் பூக்கடைச் சீட்டில் இல்லாதது அதுதான்.

பிழையை எழுதி வைத்தவர்கள்

1802ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு அளந்தார். பிற்பாடு இமயமலை வரை போன பெரிய முக்கோண நில அளவைக்கு அதுதான் தொடக்கம். நூறு அடி எஃகுச் சங்கிலியைத்தான் பயன்படுத்தினார். வெயிலில் சங்கிலி நீளும், அளவு குறையும் என்று அவருக்குத் தெரியும். சங்கிலியை மரப் பெட்டியில் வைத்து, நிழல் கட்டி, வெப்பமானி வைத்து, சூட்டுக்கு ஏற்றபடி அளவைத் திருத்தினார். "என் சங்கிலி சரியாத்தான் இருக்கு" என்று சொல்லவில்லை. "என் சங்கிலி இவ்வளவு தப்பும், அதை இப்படித் திருத்தினேன்" என்று எழுதினார்.

இன்னொரு கதை கிலோகிராமுடையது. 1889லிருந்து பாரிஸ் பக்கம் ஒரு பெட்டகத்தில் இருந்த பிளாட்டினம் இரிடியம் உருளைதான் உலகத்துக்கே கிலோ. அதன் நகல் ஒன்று, 57ஆம் எண், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு வருஷத்தில் மூல உருளைக்கும் நகல்களுக்கும் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் வந்துவிட்டது. உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் பதறிப்போய், பல வருஷம் உழைத்து, 2019 மே 20 முதல் உருளையை விட்டுவிட்டு பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோவை வரையறுத்துவிட்டார்கள்.

ஐம்பது மைக்ரோகிராம்! அத்தை விட்டுக்கொடுத்த எழுபது கிராம் அதைப்போல 14 லட்சம் மடங்கு. அவர்கள் பதறினார்கள். நாம் "விடு மாப்ளே" என்கிறோம்.

லிட்டரா, கிலோவா?

பூ மட்டுமில்லை, எங்கள் பக்கம் பாலும் இருக்கிறது. பாலை லிட்டரிலும் சொல்கிறார்கள், கிலோவிலும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தண்ணீருக்கு அது ஏறக்குறைய சரி. பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி அதிகம். ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ. பத்து லிட்டருக்கு 300 கிராம் வித்தியாசம். நிறுத்து வாங்கி லிட்டர் விலை போட்டால் ஒருத்தருக்கு லாபம், அளந்து வாங்கிக் கிலோ விலை போட்டால் இன்னொருத்தருக்கு லாபம். அலகை எழுதாத சீட்டில் எது நடந்தது என்றே தெரியாது.

லாக்டோமீட்டர் கதை இன்னும் மோசம். அது அடர்த்தியைப் பார்க்கும் கருவி, குறிப்பிட்ட வெப்பநிலைக்குத்தான் சரியாக இருக்கும். கறந்த சூட்டோடு பாலில் போட்டால், சூடான பால் லேசாக இருப்பதால் கருவி கொஞ்சம் அதிகமாக மூழ்கும், அளவு குறைவாகக் காட்டும். உடனே "தண்ணி கலந்திருக்கியா?" என்ற கேள்வி வரும். பால் கொண்டுவந்தவர் முகம் சுருங்கிப்போகும். அங்கே பொய் சொன்னது ஆள் இல்லை, வெப்பநிலை.

பெரிய இடத்திலும் இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23ல் ஏர் கனடா விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் மிதந்தபடியே இறங்கியது. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.8ஆல் பெருக்குவதற்குப் பதில், பவுண்டுக்கு உரிய 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிதான் டேங்கில் இருந்தது. விமானி கெட்டிக்காரர், எல்லாரும் பிழைத்தார்கள். பெருக்கல் சரி, அலகுதான் தப்பு.

வியாபாரி பக்கமும் நியாயம் உண்டு

நான் வியாபாரியைத் திருடன் என்று சொல்லவில்லை. பூ காயும் என்று அவர் சொன்னது உண்மை. மொட்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். காலையில் பனி ஈரத்தோடு வரும் பூ மதியம் எடை குறையும். அந்த நஷ்டத்தை அவர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? நியாயமான கேள்வி.

ஆனால் அதற்கு வழி எடையை வெட்டி எழுதுவதா? காய்ச்சலுக்குக் கழிவு என்று நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பேசி, சீட்டில் தனி வரியாக எழுதட்டும். நம் பாடத்தில் தேய்மானத்தைத் தனியாகக் காட்டுகிறோம் இல்லையா, அப்படி. அப்போது எல்லாருக்கும் ஒரே விகிதம். இப்போது நடப்பதில் 2.485 கொண்டுவந்தவருக்கு 85 கிராம் நஷ்டம், 2.115 கொண்டுவந்தவருக்கு 15 கிராம். இதற்கும் பூ காய்வதற்கும் என்ன சம்பந்தம்? பூ தசமம் பார்த்தா காயும்?

அதிலும் கொஞ்சமாகக் கொண்டுவருகிறவருக்குத்தான் அடி அதிகம். சராசரியாக ஒவ்வொரு தடவையும் ஐம்பது கிராம் போகிறது என்று வையுங்கள். இருபது கிலோ போடுகிறவருக்கு அது கால் சதவீதம். ஒரு கிலோ போடுகிறவருக்கு ஐந்து சதவீதம். இரண்டு பேருக்கும் ஒரே ஐம்பது கிராம்தான். ஏழைக்கு அதிக வரி போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, முழுமையாக்கும் முறையே போட்டுவிட்டது.

நகைக்கடையில் யாராவது "சில்லறை மில்லிகிராமெல்லாம் பார்க்கிறதில்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும், தெரியும் சேதி!

என்ன செய்யலாம்?

நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கு 1956ல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு வீசை, பலம், மணங்கு. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. படியிலும் சின்னப் படி, பெரிய படி. தலைதட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்று அதிலும் சண்டை. அந்தக் குழப்பம் எல்லாம் போய் இன்று ஒரே கிலோ. இப்போது நடைமுறையில் இருப்பது சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009. தராசுக்கு முத்திரை வேண்டும், மின்னணுத் தராசை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஆனால் சட்டம் தராசை மட்டும்தான் திருத்தும். தராசு சரியாகக் காட்டியதைத் தப்பாக எழுதும் கையை நாம்தான் பார்க்க வேண்டும். என்னால் முடிந்த யோசனைகள்:

1. வைக்கும் முன் தராசு 0.000 காட்டுகிறதா பாருங்கள். அதுதான் சுழிப்பிழை.

2. கூடை, சாக்கு, துணியின் எடையைத் தனியாக நிறுத்துக் கழிக்கச் சொல்லுங்கள். குத்துமதிப்பு வேண்டாம்.

3. சந்தேகம் இருந்தால் அதே பொருளைத் தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறினால் தராசில் கோளாறு.

4. தராசு காட்டிய எண்ணை அப்படியே எழுதச் சொல்லுங்கள். கழிவு இருந்தால் தனி வரி.

5. நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். ஒரு நாள் கணக்கில் பிழை தெரியாது. ஒரு வாரக் கணக்கில் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசி நாள் அந்த ஏழு நாள் கணக்கை ஒரு தாளில் எழுதி அந்த அண்ணனிடம் காட்டினேன். சண்டை போடவில்லை. 375 கிராம், 25 கிராம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "படிச்ச புள்ள, கணக்கு நல்லாத்தேன் போட்டிருக்க" என்று சிரித்தார். அன்றைக்கு 1.775ஐ 1.750 என்று எழுதினார். முழு வெற்றி இல்லை. இருபத்தைந்து கிராம் இன்னும் பாக்கி :-) ஆனால் 1.7 இல்லையே! நான் கணக்கில் சீட்டு 1.7 என்று வைத்தது வழக்கம்போல எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதற்காகத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தை கேட்டார். "ஏன் மாப்ளே, இதெல்லாம் உங்க காலேசுல சொல்லித்தர்றாகளா?"

"இல்லத்தை, ஒன்பதாப்புலயே சொல்லித்தந்தாக. நாந்தேன் காப்பியடிச்சு எழுதிட்டேன்."

உங்கள் ஊர்ச் சந்தையில் எப்படி எழுதுகிறார்கள்? பருத்தி, தேங்காய், காய்கறி போடுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் மட்டும் நோட்டு போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன். நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தாலும் சொல்லுங்கள். பிழைத் திருத்தம் நமக்குப் பாடம்தானே!